4294967297: பகா எண் என்று ஃபெர்மா நம்பியது, ஆய்லர் உடைத்தது

கேள்வி இதுதான்: 4294967297 பகா எண்ணா, பகு எண்ணா? அதற்கு என்னென்ன பண்புகள் உண்டு, எந்தெந்த வகைகளில் அதைச் சேர்க்கலாம்?

பகு எண். 641 × 6700417 = 4294967297. இந்த இரண்டு காரணிகளும் பகா எண்கள். நேரான விடை இவ்வளவுதான். ஆனால் இந்த எண்ணைப் பற்றிப் பண்புகளின் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. எண் கோட்பாட்டின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. அதோடு, ஒரு பெரிய எண்ணை எப்படி அணுக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

நம் வழக்கப்படி படித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இப்படிப் படிக்கும்போது எதுவும் பிடிபடாது. அதையே 2³² + 1 என்று எழுதுங்கள். இரும எண் முறையில் முதலில் ஒரு 1, நடுவே 31 பூஜ்யங்கள், கடைசியில் ஒரு 1. இந்த எண்ணைப் பற்றி உருப்படியாகச் சொல்லக்கூடிய ஏறத்தாழ எல்லாமே இந்த வடிவத்திலிருந்துதான் வருகிறது. பத்து இலக்கங்களை உற்றுப் பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

2-இன் ஏதோ ஓர் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் எப்போது பகா எண் கிடைக்கும்? அடுக்கில் 1-ஐவிடப் பெரிய ஒற்றைப்படைக் காரணி ஒன்று இருந்தாலே காரியம் கெட்டுவிடும். 2⁶ + 1 என்பது 4-இன் மூன்றாம் அடுக்கோடு 1. அதை 4 + 1, அதாவது 5, வகுத்துவிடும். 65 = 5 × 13. அதேபோல் 2¹² + 1 = 4097 = 17 × 241. ஆகவே அடுக்கும் 2-இன் அடுக்காகவே இருக்கும்போதுதான் பகா எண்ணுக்கு வாய்ப்பு: 1, 2, 4, 8, 16, 32 என்று. முதல் ஐந்தும் தருபவை 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். ஆறாவதாக வருவது நம்முடைய 4294967297. இந்த வரிசைக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் நம் எண் ஐந்தாம் ஃபெர்மா எண் எனப்படுகிறது.

துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய பியேர் தெ ஃபெர்மா 1640-இல் எழுதிய கடிதங்களில் இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்ற நம்பிக்கையைத் தெரிவித்தார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் சொன்னார். 1665-இல் அவர் இறந்தபோதும் அந்தக் கூற்று அப்படியே நின்றது. 1729 டிசம்பர் 1 அன்று கணிதர் கோல்ட்பாக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளம் கணிதர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில், ஃபெர்மாவின் இந்தக் கூற்றைக் கவனித்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஆய்லருக்கு அப்போது 22 வயது. 1732-இல் அவர் விடையைச் சொல்லிவிட்டார்: ஆறாவது எண்ணை 641 மீதியின்றி வகுக்கிறது. அந்தக் கட்டுரை 1738-இல் அச்சில் வந்தது.

641-ஐ அவர் எப்படிப் பிடித்தார் என்பதுதான் இதில் சுவையான பகுதி. குருட்டுத்தனமாகத் தேடியிருந்தால் 65536 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்க்க நேரலாம். அந்த எல்லைக்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஆய்லர் அப்படித் தேடவில்லை. பிற்பாடு வெளியிட்ட கட்டுரையில் வழியை விளக்கினார். அதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் 2³²-ஐ வகுத்தால் மீதி −1, அதாவது பகா எண்ணைவிட 1 குறைவு. இருபுறமும் இருபடியாக்கினால் 2⁶⁴-இன் மீதி 1. ஆக, 2-இன் எந்த மிகச் சிறிய அடுக்கு மீதி 1-ஐத் தருகிறதோ அது 64-ஐ வகுக்க வேண்டும். ஆனால் 32-ஐ வகுக்கக் கூடாது. வகுத்தால் 2³²-இன் மீதியும் 1 ஆகிவிடும். எனவே அந்தச் சிறிய அடுக்கு சரியாக 64. இனி ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2-க்கு அடுக்காக, பகா எண்ணில் 1 குறைவான எண்ணை வைத்தால் மீதி 1 வரும் என்கிறது அது. எனவே பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதை 64 வகுத்தாக வேண்டும். அதாவது நம் எண்ணின் பகாக் காரணி ஒவ்வொன்றும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும்.

அந்த வடிவில் வருபவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. நம் எண்ணை 193-ஆல் வகுத்தால் மீதி 109. 257-ஆல் வகுத்தால் 2. 449-ஆல் வகுத்தால் 325. 577-ஆல் வகுத்தால் 288. 641-ஆல் வகுத்தால் 0. ஐந்தே வகுத்தல்கள். ஒரு தாளில் பத்து நிமிடத்தில் முடியும்.

இதில் பயன்பட்ட சிறிய தேற்றம் ஃபெர்மாவுடையது. அதை அவர் எழுதியதும் அதே 1640-இல்தான். கருவி அவர் கையிலேயே இருந்தது. ஆறாவது எண்ணின் மீது அவர் அதை முறையாகப் பிரயோகித்திருந்தால் அந்த ஆண்டே விஷயம் முடிந்திருக்கும். கணித வரலாற்றில் என்னை மிகவும் வருத்தப்பட வைக்கும் இடங்களில் இது ஒன்று.

1878-இல் எத்வார் லூக்கா இந்த வழியை இன்னும் கூர்மையாக்கினார். காரணிகள் 128-இன் மடங்கைவிட 1 கூடுதலாக இருக்க வேண்டும் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் 641-க்கு முன் வரும் பகா எண் 257 ஒன்றுதான். அதுவும் தானே ஒரு ஃபெர்மா எண். எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது என்பதால் அதுவும் விலகிவிடும். முதல் முயற்சியே 641!

641 வகுக்கிறது என்பதை வகுத்துப் பார்க்காமலே உறுதிசெய்யவும் ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த நிரூபணங்களில் அது ஒன்று. 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 641 = 5 × 2⁷ + 1, மற்றும் 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5 × 2⁷-இன் மீதி −1. அதை நான்காம் அடுக்காக்கினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐ வைக்கலாம். வைத்தால் −2³²-இன் மீதி 1 என்று வந்து நிற்கும். அதாவது 2³² + 1-ஐ 641 வகுக்கிறது. முடிந்தது.

மற்றொரு காரணியான 6700417 பகா எண் என்பதையும் இதே வடிவம்தான் எளிதாக்குகிறது. அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. அந்த எல்லைக்குள் 128-இன் மடங்கைவிட 1 கூடுதலான பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகியவை மட்டுமே. 257 ஏற்கெனவே விலகிவிட்டது. எஞ்சிய நான்கால் 6700417-ஐ வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஒன்றும் வகுக்கவில்லை. ஆகவே அது பகா எண்.

இந்தக் காரணிகளை எந்தத் தேற்றமும் தெரியாத ஒரு சிறுவனும் கண்டுபிடித்திருக்கிறான். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜெரா கோல்பர்ன், 1812-இல் லண்டனில் பொதுமக்கள் முன்னிலையில் மனக்கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது. 4294967297 என்ற எண்ணைக் கொடுத்ததும் 641 × 6700417 என்று மனத்திலேயே பிரித்துச் சொன்னதாக அந்தக் காலப் பதிவு கூறுகிறது.

இனி வகைப்பாடு. இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலன் என்பதால் இதற்கு வகுத்திகள் நான்கே: 1, 641, 6700417, 4294967297. எந்தப் பகா எண்ணின் இருபடியும் இதை வகுக்காது. எண்ணைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூடுதல் 6701059. எண்ணோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆகவே வகுத்திகளின் கூடுதல் குறைவாக உள்ள குறைவெண் வகையில் சேரும். நிறைவெண்ணாக வாய்ப்பே இல்லை. இதைவிடச் சிறிய எண்களில் இதனோடு பொதுக் காரணி இல்லாதவை 640 × 6700416, அதாவது 4288266240. நூற்றுக்கு 99-க்கும் மேல்.

குலக் கோட்பாடு படித்தவர்களுக்கு ஒரு செய்தி. 6700416-ஐ 641 வகுப்பதில்லை. மீதி 43 வருகிறது. இந்தச் சிறு உண்மை ஒன்றே போதும், சரியாக 4294967297 உறுப்புகள் கொண்ட குலம் ஒன்றே ஒன்றுதான், அது சக்கரக் குலம் என்று சொல்லிவிடலாம். இத்தனை பெரிய எண்ணுக்கு இப்படித் தீர்மானமாக ஒரு விடை கிடைப்பது அழகு.

இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதுவதுதான் இன்னும் வளமான பண்பு. 2³² + 1 என்பது 65536² + 1² என்று பார்த்தவுடனே தெரிகிறது. இன்னொரு வழியும் உண்டு: 62264² + 20449². 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். இங்கே இரண்டு வழிகள் கிடைப்பதால், காரணி தெரியாமலே இது பகு எண் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். அதோடு நிற்காமல் காரணிகளையும் இதிலிருந்தே கறந்துவிடலாம். 65536-க்கும் 62264-க்கும் வித்தியாசம் 3272. 20449-க்கும் 1-க்கும் வித்தியாசம் 20448. இவ்விரண்டின் மீப்பெரு பொது வகுத்தி 8. வகுத்தால் கிடைப்பவை 409, 2556. அடுத்து அதே இணைகளைக் கூட்டுங்கள்: 127800, 20450. இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 50. இப்போது 8-இலும் 50-இலும் பாதி எடுத்தால் 4, 25. 4² + 25² = 641. எஞ்சிய இணையைப் பாருங்கள்: 409² + 2556² = 6700417. இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்வேன். 20449 என்பது 143-இன் வர்க்கம் என்பதையும் போகிற போக்கில் கவனிக்கலாம்.

அடுத்தது, கணினி நிரல் எழுதுபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பண்பு. ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்க, அதில் ஒன்று குறைத்து அதை 2-க்கு அடுக்காக வைத்து, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். நம் எண்ணில் 1 குறைத்தால் 2³². 2⁶⁴-இன் மீதி 1 என்று மேலே பார்த்தோம். 2³²-ஐ 64 வகுக்கிறது. ஆகவே சோதனையில் மீதி 1 வந்துதான் தீரும். பகு எண்ணாக இருந்தும் பகா எண்போல் வேடமிடும் இத்தகைய எண்களைப் போலிப் பகா எண்கள் என்கிறோம். இதைவிடக் கடுமையான மில்லர்–ரபின் சோதனையையும் 2-ஐ மட்டும் வைத்துச் செய்தால் இந்த எண் தப்பித்துவிடும். 2-ஐ வைத்து எந்த ஃபெர்மா எண்ணையும் சோதிப்பது வீண்.

3-ஐ வைத்தால் குட்டு உடைந்துவிடும். பிரெஞ்சுக் கணிதர் பெப்பின் 1877-இல் தந்த சோதனையின் இன்றைய வடிவம் அதுதான். 3-ஐ எடுத்து 31 முறை தொடர்ந்து இருபடியாக்கி, ஒவ்வொரு முறையும் நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பகா எண்ணாக இருந்தால் கடைசி மீதி, எண்ணைவிட 1 குறைவாக, அதாவது 4294967296 ஆக வர வேண்டும். வருவதோ 10324303. இன்னொரு முறை இருபடியாக்கினாலும் 1 வராமல் 3029026160 வருகிறது. காரணி ஒன்றைக்கூடக் காட்டாமல் பகு எண் என்று உறுதியாகிவிடுகிறது.

இலக்கங்களின் கூடுதல் 59, இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1-இல் முடியாது என்பன போன்ற பண்புகளையும் இணையத்தில் சிலர் அடுக்குவார்கள். அவை எல்லாம் நாம் பத்தை அடிப்படையாக வைத்து எழுதுவதால் வருபவை. எண்ணைப் பற்றி அவை சொல்வது மிகக் குறைவு. கடைசி இலக்கம் 7 என்பதற்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. 17 தொடங்கி எல்லா ஃபெர்மா எண்களுமே 7-இல் முடியும், ஏனென்றால் 16-ஐ எத்தனை முறை இருபடியாக்கினாலும் கடைசி இலக்கம் 6-தான்.

பக்கத்து எண்களையும் பார்க்க வேண்டும். ஒன்று குறைத்தால் 4294967296: கணினியில் 32 பிட்டுகளால் காட்டக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை, ஐபி முகவரியின் நான்காம் பதிப்பில் சாத்தியமான மொத்த முகவரிகளின் எண்ணிக்கை. குறியில்லாத 32 பிட் மாறியில் 4294967297-ஐப் போட்டால் மேல் பிட் கழன்றுபோய் 1 என்றே பதிவாகும். அதனால் இந்த எண்ணைக் கணினியில் சோதிப்பவர்கள் 64 பிட் மாறியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குறைத்தால் 4294967295. இது 3 × 5 × 17 × 257 × 65537. முந்தைய ஃபெர்மா எண்கள் ஐந்தையும் பெருக்கினால் நம் எண்ணில் 2 குறைவாக வருகிறது. எல்லா ஃபெர்மா எண்களுக்கும் இது பொருந்தும். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இல்லை என்பதும் இதிலிருந்தே வருகிறது: இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும், ஆனால் இவையோ ஒற்றைப்படை. ஒவ்வொன்றும் புதிய பகாக் காரணியைக் கொண்டுவருவதால் பகா எண்கள் முடிவற்றவை என்ற நிரூபணமும் கூடவே கிடைக்கிறது. இதை 1730-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதினார்.

வடிவியலுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள உறவு வியப்பானது. 1796-இல் 19 வயதைக்கூட எட்டாத காஸ், 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று கண்டார். பகா எண்ணிக்கையிலான, 2-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அப்படி வரைய, பக்க எண்ணிக்கை ஃபெர்மா எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதை வான்ட்செல் 1837-இல் நிரூபித்து முடித்தார். 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் அத்தனை பக்கங்கள் கொண்ட பலகோணமும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும். 641 ஃபெர்மா எண் அல்ல என்பதால் சேரவில்லை. இன்று நமக்குத் தெரிந்தவரை, அப்படி வரையக்கூடிய ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். நம் எண்ணுக்கு இரண்டே குறைவு.

இந்த வரிசையில் அடுத்தவை என்னவாயின? 2⁶⁴ + 1 = 274177 × 67280421310721 என்று லாந்த்ரி 1880-இல் பிரித்தார். 2¹²⁸ + 1-ஐ மாரிசனும் பிரில்ஹார்ட்டும் 1970-இல் கணினி கொண்டு பிரித்தார்கள். அதற்கடுத்ததை 1980-இல் பிரெண்டும் பொலார்டும் பிரித்தார்கள். நம் எண்ணான ஐந்தாவதிலிருந்து முப்பத்திரண்டாவது வரை உள்ள ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகு எண்கள் என்று உறுதியாகிவிட்டது. அவற்றுள் இருபதாவதற்கும் இருபத்துநான்காவதற்கும் ஒரு காரணிகூட இன்றுவரை அகப்படவில்லை. பெப்பினின் சோதனை வழியாகத்தான் அவை பகு எண்கள் என்று தெரியும். முப்பத்துமூன்றாவது ஃபெர்மா எண்ணுக்குச் சுமார் 258 கோடி இலக்கங்கள். அது பகா எண்ணா, பகு எண்ணா என்பது யாருக்கும் தெரியாது.